காவல்துறையிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலமும் தன்விருப்பமும்

ஒப்புதல் வாக்குமூலம் தன்விருப்பத்துடன் அளிக்கப்பட்டதா என்னும் வினாவை இந்தியச் சாட்சியச் சட்டம் (1872) இருவகையாக அணுகியது. தூண்டுதல், அச்சுறுத்தல், வாக்குறுதி ஆகியவற்றால் பெறப்பட்ட ஒப்புதலை 24ஆம் பிரிவு விலக்கியது. காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதலை, அது விரும்பி அளிக்கப்பட்டதாயினும், 25ஆம் பிரிவு முற்றிலும் விலக்கியது. காவலில் இருப்பவரின் ஒப்புதல் நடுவரின் நேரடி முன்னிலையில் அளிக்கப்பட்டாலன்றி ஏற்கப்படாது என்றது 26ஆம் பிரிவு.

27ஆம் பிரிவு இவற்றுக்கு விதிவிலக்கு. காவலில் உள்ளவர் தந்த தகவலால் ஓர் உண்மை கண்டறியப்படின், அதனோடு நேரடித் தொடர்புடைய பகுதி மட்டும் சான்றாகும். சென்னை மாகாணத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற புளுக்குரி கொட்டையா வழக்கில் (1947) பிரிவி கவுன்சில் இதன் எல்லையை வரையறுத்தது. கத்தியை மறைத்த இடம் பற்றிய கூற்று ஏற்கப்படும். அக்கத்தியால் குத்தியதாகக் கூறும் பகுதி ஏற்கப்படாது.

ஆயின், அத்தகவல் தன்விருப்பத்துடன் தரப்பட்டதா என்று இப்பிரிவு வினவவில்லை. வற்புறுத்திப் பெறப்பட்டிருப்பின் அரசமைப்பின் 20(3)ஆம் உறுப்பு தடையாகும் என்று காத்தி காலு ஓகத் வழக்கில் (1961) உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் காவலில் இருந்தமை மட்டுமே வற்புறுத்தலாகாது என்றும் அது தெளிவுறுத்தியது. சாட்சியற்ற அறையில் நிகழ்ந்த வற்புறுத்தலைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் எங்ஙனம் காட்டுவார்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவு, முந்தைய 25, 26ஆம் பிரிவுகளை ஒருங்கிணைத்து, 27ஆம் பிரிவை வரம்புரையாகச் சேர்த்துள்ளது. விலக்கும் விதிவிலக்கும் ஒரே பிரிவில் அமைந்தபின்னும் இடைவெளி நீடிக்கிறது. எனவே, பொருள் கிடைத்தமையே தகவலின் தன்விருப்பத்துக்குச் சான்றாகாது. அதனை நீதிமன்றம் தனியே ஆராய்தல் வேண்டும்.