பனி இரவும் வீட்டு வண்டியும்

ஊர் ஊராகச் சுற்றி உலகைக் காணவேண்டும். ஆயினும், வீட்டின் சுகத்தை இழந்துவிடக் கூடாது. இவ்விரு ஆசைகளும் மனிதன் உள்ளத்தில் ஒருங்கே குடிகொண்டிருக்கின்றன. இவற்றை இணைத்து வைக்க முயன்றதன் பயனாகவே வீட்டு வண்டி தோன்றிற்று. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர் ஒருவர், குதிரைகள் இழுத்துச் செல்லும் வீடு போன்ற வண்டியொன்றைப் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலையில் கட்டுவித்தார். உலாப் போவதற்கென்றே கட்டப்பட்ட வண்டிகளுள் முதன்மையானதாக அதனைக் கூறுவர். அன்று குதிரை இழுத்த வண்டியை இன்று எஞ்சின் இழுக்கின்றது. படுக்கை, சமையல் அடுப்பு, குளியலறை, குளிர்ப்பெட்டி ஆகிய அனைத்தும் அதனுள்ளே அடங்கிவிட்டன.

அவற்றோடு இன்னொன்றும் இருக்கின்றது. வெப்ப நாட்டினராகிய நாம் அதனைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. குளிர் நாடுகளிலோ, அஃதில்லாமல் ஓர் இரவையும் கழித்தல் இயலாது. அதுவே வண்டியைச் சூடாக்கும் வெப்ப உலை.

கனடாவின் மேற்குப் பகுதியில், றொக்கி மலைத்தொடரின் மடியிலே பான்ஃப் என்னும் அழகிய பட்டினம் உள்ளது. கடல் மட்டத்திற்கு மேலே ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில் அமைந்த இடம். இலையுதிர் காலத்திலேயே அங்கு இரவில் நீர் உறைந்துவிடும். நடுக்குளிர்காலத்திலோ பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசுக்கும் இறங்கும் இரவுகள் உண்டு. அத்தகைய ஓரிடத்தில் ஒரு குடும்பம் வீட்டு வண்டியை நிறுத்திவிட்டு உறங்குகின்றது என வைத்துக்கொள்வோம். பின்னிரவு இரண்டு மணிக்குக் குழந்தை குளிரால் நடுங்கி விழிக்கின்றது. தாய் எழுந்து பார்க்கின்றாள். விசிறியின் இரைச்சல் கேட்கின்றது. வெப்பமோ சிறிதும் இல்லை. தந்தை என் செய்வார்? கனடாவிற் குடியேறிய நம்மவர் குடும்பங்களும், விடுமுறைக்கு அங்கே செல்லும் உறவினரும் பலராகையால், இவ்வினா நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

உலை இயங்கும் விதம்

நோயைக் கண்டறியுமுன் உடலின் இயல்பை அறிதல் வேண்டும். வட அமெரிக்க வீட்டு வண்டிகளிற் பெரும்பாலானவை புரொப்பேன் வாயுவினால் எரியும் உலைகளைக் கொண்டவை. வண்டியின் உட்சுவரில் வெப்பநிலை நிறுத்தி என்னும் சிறு கருவி இருக்கும். நாம் குறித்து வைத்த அளவிற்குக் கீழே வெப்பம் இறங்கியதும் அது உலைக்குக் கட்டளையிடுகின்றது. உடனே 12 வோல்ற்றுப் பற்றரியின் வலுவினால் விசிறி சுழலத் தொடங்கும். விசிறி போதிய வேகத்தை அடைந்ததும், அதன் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளும். படகின் பாயைக் காற்றுத் தள்ளுவது போன்ற செயல் இது. தகடு அசைந்ததும் அதனோடு இணைந்த ஆளி மூடப்பட்டு மின்சுற்று நிறைவுறும். அதன் பின்னரே வாயுவின் வால்வு திறக்கும், மின்பொறி தோன்றும், தீ பற்றும்.

தீ எரிவது மூடிய ஓர் உலோகக் கூட்டினுள்ளே. அதற்கு வேண்டிய காற்று வெளியிலிருந்து வருகின்றது. எரிந்த புகையும் வெளியே செல்கின்றது. வண்டியினுள் இருக்கும் காற்று அக்கூட்டின் புறத்தே தழுவிச் சென்று சூடேறித் திரும்புகின்றது. நாம் சுவாசிக்கும் காற்றும் தீயின் புகையும் ஒன்றையொன்று தீண்டுவதே இல்லை. இந்த ஒழுங்கு காக்கப்படும் வரையில் உலை நண்பன். குலையுமாயின் அதுவே எமன்.

விசிறி அசையவில்லையாயின்

விசிறியே சுழலாதபோது வாயுவைப் பற்றி ஆராய்வது வீண் வேலை. வெப்பநிலை நிறுத்தி சரியான நிலையில் இருக்கின்றதா, அதனுட் சிறு பற்றரிகள் உள்ளனவாயின் அவை தீர்ந்துவிட்டனவா என்று முதலிற் பார்க்க வேண்டும். அடுத்து, உலைக்குரிய உருகி எரிந்துவிட்டதா என்பதை நோக்க வேண்டும். எரிந்திருந்தால் அதே அளவான புதியதை இடலாம். புதியதும் உடனே எரியுமாயின் கம்பியிலோ மோட்டரிலோ பழுது உண்டு என்பது அதன் பொருள். அப்போது பெரிய உருகியை இட்டு ஏமாற்ற முயல்வது வண்டிக்கே தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

விசிறி சுழன்றும் தீ பற்றவில்லையாயின்

நமது கற்பனைக் குடும்பத்தின் துன்பம் இதுவே. இதற்குக் காரணங்கள் பல. எனினும், பின்னிரவில் இது நேர்ந்தால் முதலிற் சந்தேகிக்க வேண்டியது பற்றரியையே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலையின் விசிறி ஏறக்குறைய 8 அம்பியர் மின்னை இழுக்கின்றது என்க. குளிர் மிக்க இரவில் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் அது பாதி நேரம் சுழன்றால், மணிக்கு 4 அம்பியர்-மணி செலவாகும். 12 மணித்தியாலத்தில் 48 அம்பியர்-மணி. நூறு அம்பியர்-மணி கொள்ளும் ஈயப் பற்றரியில் ஏறக்குறையப் பாதியை இவ்வாறு விசிறி ஒன்றே விழுங்கிவிடும். அத்தகைய பற்றரியைப் பாதிக்கு மேல் வெறிதாக்குவது அதன் ஆயுளைக் குறைக்கும். மேலும், கடுங்குளிரிற் பற்றரியின் கொள்ளளவும் பெரிதும் சுருங்கும். விளக்குகளும் ஏனைய கருவிகளும் முன்னிரவிலேயே தம் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். மாலையில் ஒழுங்காக எரிந்த உலை விடியுமுன் கைவிடுவதன் இரகசியம் இதுவே.

வலுவிழந்த பற்றரி விசிறியைச் சுழற்றும். ஆனால், வேகம் போதாது. முழு வேகத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கை அடைந்தாலன்றித் தகடு அசையாது. தகடு அசையாவிடின் வாயு திறவாது. இரைச்சலைக் கேட்டு விசிறி நலமாக இருக்கின்றது என நாம் மயங்குவோம். பற்றரியை அளந்து பார்த்தால் உண்மை வெளிப்படும். நிறைவாக மின்னேற்றிய ஈயப் பற்றரி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ற்று அளவைக் காட்டும். 12 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் அது களைத்துவிட்டது என்று கொள்ளலாம். வண்டியின் எஞ்சினையோ மின்பிறப்பாக்கியையோ வெளியிற் சற்று நேரம் இயக்கி மின்னேற்றினால், பல வேளைகளில் உலை தானே உயிர்பெறும்.

பற்றரி நலமாயிருப்பின் வாயுவைக் கவனிக்க வேண்டும். இதற்கு எளிய பரீட்சை ஒன்று உண்டு. சமையல் அடுப்பை ஒரு கணம் பற்றவைத்துப் பார்க்க வேண்டும். நீலச் சுவாலை வலுவாக எழுந்தால் வாயு வருகின்றது. பழுது உலையிலேயே உள்ளது. சுவாலை எழாவிடினும், நலிந்து தள்ளாடினும், பழுது சிலிண்டரிலோ அமுக்கச் சீராக்கியிலோ இருக்கின்றது. சோதனை முடிந்தவுடன் அடுப்பை அணைத்துவிடல் அவசியம்.

சிலிண்டரைப் புதிதாக மாற்றியபோது அதன் வாயிலைச் சடுதியாகத் திறந்துவிட்டாலும் இத்தொல்லை நேரும். குழாய் அறுந்தால் வாயு பெருகி வெளியேறாதவாறு தடுக்கும் ஒரு காவல் உறுப்பு உண்டு. வேகமான ஓட்டத்தை அது கசிவென்றே தவறாக எண்ணி வழியை அடைத்துவிடும். அடுப்புகளை எல்லாம் அணைத்து, சிலிண்டரை மூடி, சில நிமிடம் பொறுத்து, மிக மெதுவாகத் திறந்தால் தடை நீங்கும்.

குளிரும் வாயுவும்

மாணவர்கள் சிந்திக்கத்தக்க விஷயம் ஒன்று இங்கே உண்டு. சிலிண்டரினுள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானாலன்றி அடுப்புக்கு வாயு கிடையாது. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிற் கொதிக்கும். பியூற்றேனோ பூச்சியத்தை ஒட்டியே கொதிக்கும். ஆதலால், நீர் உறையும் குளிரிற் பியூற்றேன் சிலிண்டர் நிறைந்திருந்தும் பயன் தராது. நம் நாட்டுச் சமையலறை வாயு இவ்விரண்டும் கலந்தது. வெப்ப நாடாகையால் நமக்கு அதனால் இடையூறில்லை.

புரொப்பேனும் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த வெப்பத்தை உறிஞ்சித் தானே குளிர்கின்றது. சிலிண்டரிற் சிறிதளவே எஞ்சியிருக்கும்போது கடுங்குளிரில் அது போதிய விரைவில் ஆவியாகாது. அடுப்பு ஒன்று எரியும். உலையையும் சேர்த்து எரிக்க அமுக்கம் போதாது. நிறைந்த சிலிண்டருக்கு மாற்றுவதே இதற்குத் தகுந்த வழி. சிலிண்டரைத் தீயினாற் சூடாக்குவது தற்கொலைக்குச் சமம்.

பற்றிய தீ அணைந்துவிட்டால்

சில வேளைகளில் தீ பற்றும், சற்று நேரத்தில் அணையும், மறுபடியும் பற்றும். சூடான காற்றுச் செல்லும் வழியை ஒரு பெட்டியோ படுக்கை விரிப்போ மறைத்தால் உலை அளவுமீறிச் சூடேறும். அப்போது மிகைச்சூட்டைத் தடுக்கும் ஆளி வாயுவை நிறுத்திவிடும். வழியைத் திறந்துவிட்டாற் போதும்.

வெளியே உள்ள புகைவாயிலையும் நோக்க வேண்டும். வண்டி பல மாதங்கள் நின்றிருந்தால் குளவி அதிலே மண்கூடு கட்டியிருக்கும். சிலந்தி எரிகுழாயில் வலை பின்னியிருக்கும். பனி மூடியிருப்பதும் உண்டு. புகைவாயிலைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலும், நீலமாக இருக்கவேண்டிய சுவாலை மஞ்சளாக நடனமாடினாலும், தகனம் ஒழுங்காக நடைபெறவில்லை என்பது தெளிவு. அந்த உலையைத் தகுதிபெற்ற தொழிலாளி பார்க்கும் வரையில் மீண்டும் எரித்தல் கூடாது.

பல உலைகள் மும்முறை முயன்றும் தீ பற்றாவிடின் தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும். வெப்பநிலை நிறுத்தியை அணைத்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்கினால் பூட்டு விலகும். ஆனால், காரணத்தைக் கண்டறியாமல் திரும்பத் திரும்ப அவ்வாறு செய்வது அறிவுடைமை ஆகாது. காற்று ஆளி பழுதென்று எண்ணி, அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து உலையை எரிக்கும் 'கெட்டிக்காரர்' சிலர் உளர். அவர் இணைப்பது கம்பிகளையல்ல. தம் குடும்பத்தையும் ஆபத்தையுமே.

கண்ணுக்குத் தெரியாத கள்வன்

இனி, யாவற்றிலும் முக்கியமானதைச் சொல்வோம். உலை எரியாத இரவில், நடுங்கும் குழந்தையைக் காணும் பெற்றோர் சமையல் அடுப்பை ஏற்றிக் கதவடைத்து உறங்க நினைப்பது இயல்பு. சிலர் கரிச்சட்டியை உள்ளே கொண்டுவருவர். இரண்டும் கூடா. இவற்றின் புகை வெளியே போவதற்கு வழியில்லை. சிறிய அறையில் ஒட்சிசன் குறையக் குறையத் தகனம் அரைகுறையாகி, காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைப் பார்க்கிலும் இருநூறு மடங்கிற்கு மேல் வலுவாக அது இணைந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்பன முதற் குறிகள். உறங்குபவர் அக்குறிகளை உணரமாட்டார், உறக்கத்திலிருந்து எழுவதுமில்லை. நுவரெலியாக் குளிரில் அறையைப் பூட்டிக் கரிச்சட்டி வைப்போருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

அரூபமான இக்கள்வனைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருத்தல் வேண்டும். அதன் பொத்தானை அழுத்திச் சோதிப்பதோடு, அதன்மேல் பொறித்த காலம் கடந்திருந்தால் புதியதை வாங்கவும் வேண்டும். அக்கருவி ஒலித்தால் காரணத்தை ஆராய்ந்து நிற்கலாகாது. எல்லோரையும் எழுப்பி வெளியே கொண்டுசெல்வதே முதற் கடமை. புரொப்பேனின் நாற்றம் எழுந்தாலும் அவ்வாறே. அது காற்றிலும் பாரமானதாகையால் தரையிலே தேங்கி நிற்கும். ஆளிகள் எதனையும் தொடாது வெளியேறி, வெளியிலுள்ள சிலிண்டரை மூட வேண்டும்.

அப்படியானால் குளிர்ந்த அக்குழந்தைக்கு என்ன வழி? எல்லோரும் ஒரே படுக்கையில் நெருங்கிப் படுக்கலாம். கம்பளியை மேலே போர்ப்பது மாத்திரமன்றிக் கீழேயும் விரிக்கலாம். வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றிக் காலடியில் வைக்கலாம். யன்னல்களைத் தடித்த துணியால் மறைக்கலாம். குளிர் தாங்கொணாததாயின், பொழுது விடியும்வரை காத்திராது அண்மையிலுள்ள விடுதியை நாடுவதே தக்கது. வண்டியின் நீர்க்குழாய் வெடித்தால் மறுபடியும் வாங்கலாம்; வேறொன்றையும் அவ்வாறு வாங்க முடியாது.

புறப்படுமுன்

இத்தொல்லைகளிற் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே தவிர்த்துவிடலாம். புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் உலையை அரைமணி நேரம் எரித்துப் பார்த்தல், புகைவாயிலைச் சுத்தம் செய்தல், பற்றரியை அளத்தல், இரு சிலிண்டர்களையும் நிறைத்தல், அபாயமறிவிக்கும் கருவிகளைச் சோதித்தல் ஆகிய ஐந்தும் ஒரு மாலைப்பொழுதின் வேலையே. மின்வசதியுள்ள முகாமில் மின்சூடாக்கியை மட்டும் நம்பி உலையை அணைத்துவிடுவதும் தவறு. உலையின் வெப்பமே பல வண்டிகளில் தரைக்குக் கீழுள்ள நீர்க்குழாய்களையும் காக்கின்றது; அறை சூடாக இருக்கையிலேயே குழாய்கள் உறைந்து வெடித்துவிடும்.

பின்னிரவு இரண்டு மணிக்குக் கையில் விளக்குடன் நிற்கும் தந்தைக்கு வேண்டியது பெரிய கல்வியன்று. பதற்றமின்றி ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் பொறுமையே. விசிறி, பற்றரி, வாயு, காற்றுவழி என்ற வரிசையில் அவர் சென்றால் பழுது பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அகப்படாவிடினும் கவலையில்லை, காவல் உறுப்புகளை ஏமாற்றாமலும், அடுப்பை ஏற்றி வைத்து உறங்காமலும் இருந்தாராயின், காலையில் மலைமுகட்டில் விழும் கதிரொளியைக் குழந்தைகளோடு நின்று காண்பார்.