பலாலியில் இறங்க எந்த ஜொய்ஸ்டிக்?

பிள்ளை கணினியில் விமானம் ஓட்டப் பழகுகிறது, ஜொய்ஸ்டிக் வேண்டுமாம், எதை வாங்குவது என்று கேட்டு வரும் பெற்றோருக்குத் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த விமானத்தை ஓட்ட ஆசை? விலையும் பட்டன்களும் அதற்குப் பிறகு.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பலாலிக்கு வரும் விமானத்தில் ஆசை வருவது இயல்பு. 2019 நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து ஓட்டத் தொடங்கியதும் 2024 செப்டெம்பரில் இண்டிகோ தொடங்கியதும் ஏ.ரி.ஆர். 72 விமானம்தான். அதன் விமானிக்கு முன்னால் இருப்பது இரு கையாலும் பிடிக்கும் யோக். எயார்பஸ் ஏ320 இல் பக்கத்தில் சிறிய ஸ்டிக் இருக்கும். இடது ஆசனத்துக் கப்டன் அதை இடது கையால் பிடிப்பார். ஆகவே எயார்பஸ் ஓட்ட விரும்புகிறவர் இரு கைக்கும் பொருந்தும் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். த்ரஸ்ட்மாஸ்ரரின் ரி.16000எம் அப்படியானது. ஏ.ரி.ஆருக்கு யோக் பொருத்தம் என்றாலும் விலையும் கூட, மேசையில் இடமும் கூட. பழகத் தொடங்குகிறவருக்கு ஸ்டிக்கே போதும்.

பணம் போக வேண்டிய முதல் இடம் உள்ளே இருக்கும் சென்சர். மலிவான ஸ்டிக்குகளில் பொட்டென்சியோமீற்றர் இருக்கும். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகிக்குள் இருப்பதும் அதுவே: கரித்தடத்தின் மேல் சிறிய உலோக நாக்கு உரசிக்கொண்டு ஓடும். தடம் தேய்ந்து தூசி படிந்தால் ரேடியோ கரகரக்கும். ஸ்டிக்கில் என்றால், நேராகப் போகும் விமானம் காரணமில்லாமல் துள்ளும். ஹோல் சென்சரில் உரசல் கிடையாது. காந்தம் அசைய, அதன் புலத்தைச் சிறிய சிப் அளக்கும். 1879 இல் எட்வின் ஹோல் கண்டறிந்த விளைவு இது. உரசாத பொருள் தேயாது. செம்மண் தூசி பறக்கும் ஊரில் இருக்கிற நாங்கள் இதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

பாவித்த ஸ்டிக் வாங்குவதிலும் தவறில்லை, சோதித்து வாங்கினால். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்தால் ஒரு சதுரத்துக்குள் சிறிய கூட்டல் குறி தெரியும். ஸ்டிக்கை மிக மெதுவாக ஒரு மூலைக்குத் தள்ளுங்கள். குறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், தாவக் கூடாது. கையை விட்டால் நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். நடுவில் துடித்தால் வேண்டாம்.

அடுத்தது சுக்கான். பலாலி ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. வாடையும் சோளகமும் அநேகமாக அதன் நீளவாக்கில் வீசும். காற்று தெற்கே ஒதுங்கினால் பக்கக் காற்றாகிவிடும். இறங்கும் நேரம் மூக்கை ஓடுபாதைக்கு நேராகத் திருப்பச் சுக்கான் வேண்டும். கால் பெடல் வாங்க வசதியில்லாவிட்டால், பிடியை முறுக்கினாலே சுக்கான் திரும்பும் ஸ்டிக்கை வாங்குங்கள். முறுக்கும்போது அடிப்பாகம் மேசையில் கிளம்பாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, நெம்பு விட்ட இடத்தில் நிற்க வேண்டும்; ஆனால் சற்றே தள்ளினாலும் இறுகாமல் அசைய வேண்டும். இறங்கும்போது விசையை இம்மி இம்மியாகத்தான் மாற்றுவோம். மற்றது, ஏ.ரி.ஆர். போன்ற இரட்டை எஞ்சின் விமானத்துக்கு இரண்டு நெம்புகள் இருந்தால் நல்லது. இடது நெம்பை மட்டும் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள்: விமானம் இடப்பக்கம் திரும்பும், வலச் சுக்கான் கொடுத்துப் பிடிக்க வேண்டும். ஒற்றை எஞ்சினில் பறக்கும் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் காணும் என்றால் ஸ்டிக்கை முதலில் வாங்குங்கள். பல ஸ்டிக்குகளின் அடிப்பாகத்தில் ஒரு சின்ன த்ரொட்டில் நெம்பு இருக்கும். சில மாதம் அதோடு சமாளிக்கலாம். கணினியில் விமானம் ஓட்டிப் பழக உதவும் ஃப்ளைட்கியர் மென்பொருள் இலவசம். அதில் ஒற்றை எஞ்சின் செஸ்னா 172 இருக்கிறது. அதை நேராக, ஒரே உயரத்தில் ஓட்டப் பழகிய பிறகு தனி த்ரொட்டில் வாங்கினால் அதன் அருமை பிள்ளைக்கே விளங்கும். ஸ்டிக்கின் உணர்திறன் அமைப்பை மட்டும் நாளுக்கு நாள் மாற்ற விடாதீர்கள். ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப இறக்கினால்தான் கை பழகும்.