பிரதி மேயர் பதவியைக் கேட்கும் முன்

"டீச்சர், மேயர் இருக்கும்போது பிரதி மேயருக்கு என்ன வேலை?"

குடியியற் கல்விப் பாடத்தில் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. வகுப்பே சிரித்தது. ஆனால் உள்ளூராட்சித் தேர்தல் முடிந்ததும் எமது ஊர்களில் நடக்கும் பேரம் பேசல்களைப் பார்த்தால், பெரியவர்களும் இதைக் கேட்க வேண்டும் என்றே தோன்றுகிறது. "மேயர் உங்களுக்கு, பிரதி மேயர் எங்களுக்கு" என்று முடிவாகிவிட்டால் உரிமை கிடைத்துவிட்டதாக நாம் திருப்திப்படுகிறோம்.

1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, சபையின் நிறைவேற்றுத் தலைவர் மேயரே. கூட்டங்களுக்குத் தலைமை தாங்குபவரும், ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிப்பவரும் அவரே. பிரதி மேயர், மேயர் இல்லாத வேளையில் அவரது இடத்தில் செயற்படுபவர். மேயர் ஒப்படைக்கும் பணிகளையும் அவர் செய்யலாம். மற்றபடி, சபையில் ஏனைய உறுப்பினர்களைப் போல அவருக்கும் ஒரு வாக்குத்தான்.

இவ்விருவரையும் நாம் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாவிட்டால், முதல் அமர்வில் உறுப்பினர்களே வாக்களிப்பர். 2025இல் கொழும்பில் 117 ஆசனங்களில் 48ஐ மட்டுமே பெற்ற தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளர், ஜூன் 16 அன்று நடந்த இரகசிய வாக்கெடுப்பில் 61 வாக்குகளுடன் மேயரானார். எதிர்த்து நின்றவருக்கு 54 வாக்குகள்.

மேயரின் பலமும் நிலையானதல்ல. யாழ்ப்பாணத்தில் 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் இரு தடவைகள் தோற்கடிக்கப்பட்டதால் மேயர் பதவியிழந்தார். புதியவர் 21க்கு 20 என்ற ஒரு வாக்கு வித்தியாசத்தில் தெரிவானார். மேயரையே வீட்டுக்கு அனுப்பக்கூடிய இந்த வாக்கு, எமது வட்டார உறுப்பினர் ஒவ்வொருவரின் கையிலும் இருக்கிறது.

கல்முனையின் நிலை இன்னும் வேதனையானது. வழக்கு காரணமாக 2025 மே 6 அன்று அங்கு தேர்தல் நடக்கவில்லை. மேயரும் இல்லை, பிரதி மேயரும் இல்லை. மாநகர ஆணையாளரே சபையை நடத்துகிறார். அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அரச உத்தியோகத்தர். வடிகான் அடைபட்டால் அவரிடம் முறையிடலாம். "அடுத்த முறை உங்களுக்கு வாக்களிக்க மாட்டோம்" என்று சொல்ல முடியாது.

ஆகவே, பேச்சுவார்த்தைக்குப் போகும் எமது பிரதிநிதிகள் கதிரையை மட்டும் கேட்டுத் திரும்பக் கூடாது. எந்தக் குழுவில் எமக்கு இடம்? வரவு செலவுத் திட்டத்தில் எமது வட்டாரத்தின் வீதிக்கும் நூலகத்துக்கும் குப்பை அகற்றலுக்கும் எவ்வளவு ஒதுக்கீடு? இவற்றைக் கேட்டு, எழுத்தில் பெற வேண்டும். நமக்கும் ஒரு கடமை உண்டு. வரவு செலவுத் திட்ட வரைபு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பார்க்க வேண்டும். எமது ஊரில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

பதவி ஓர் அமானிதம். அதைக் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்காவிட்டால், பெற்றவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.