இயந்திரம் பறித்த விரல்கள்... இழப்பீடு கேட்க முடியுமா?

''மூன்று கறவை மாடுகள் வளர்க்கிறோம். என் பெயரில் வாங்கிய புல் நறுக்கும் இயந்திரத்தில் என் மனைவி தீவனம் வெட்டிக்கொண்டிருந்தபோது, பிளேடைப் பிடித்திருந்த போல்ட் முறிந்து இரண்டு விரல்கள் போய்விட்டன. வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. 'புது பிளேடு மாட்டித் தருகிறேன்' என்கிறார் கடைக்காரர். விரலுக்கு யார் பொறுப்பு?'' என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

புது பிளேடு இயந்திரத்துக்குத்தான் தீர்வு. காயத்துக்குத் தனியாக இழப்பீடு கேட்கலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 'நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்-2019' அதற்கு வழி செய்திருக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, ஆபத்தைத் தவிர்ப்பதற்கான எச்சரிக்கை இல்லாதது... இவற்றில் ஒன்றால் காயம் ஏற்பட்டாலும் தயாரிப்பாளரே பொறுப்பு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால், கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும். இயந்திரத்தைப் பொருத்தியதில் அவர் கவனக்குறைவாக இருந்தாலும் அப்படித்தான்.

''ரசீது கணவர் பெயரில் இருக்கிறதே?'' என்ற கவலை வேண்டாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். ''பால் விற்பது வியாபாரம்'' என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆனால், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

உடனே செய்ய வேண்டியவை

இயந்திரத்தைப் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். முறிந்த போல்ட்தான் முக்கியச் சாட்சி. அப்படியே எடுத்து வைத்துப் படம் எடுங்கள். ரசீது, உத்தரவாத அட்டை, மருத்துவமனை ஏ.ஆர் காப்பி, சிகிச்சைச் செலவு ரசீதுகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கடைக்கும் கம்பெனிக்கும் பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனி வெளிமாநிலத்தில் இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. இயந்திரத்தின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், புகாருக்குக் கட்டணம் கிடையாது. விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். வேண்டுமென்றால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். இந்த வாசகரின் மனைவிக்கும் அந்த உரிமை உண்டு. தொலைபேசி உதவிக்கு 15100. நுகர்வோர் ஆலோசனைக்கு 1915.

எப்போது கிடைக்காது?

பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டியது, பெரிய மோட்டார் மாற்றியது, மது அருந்திவிட்டு இயக்கியது போன்றவை காரணமாக இருந்தால், தயாரிப்பாளர் பொறுப்பிலிருந்து தப்பிவிடலாம். 'வேலை சீக்கிரம் முடியுமே' என்று நம்மில் பலர் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறோம். இன்றைக்கே அதை மாட்டிவிடுங்கள். வழக்கில் ஜெயித்தாலும் பணம்தான் வரும், விரல் வராது.