அணு உலையின் வேலையைப் பேட்டரி செய்யுமா?

பேட்டரியால் அணுமின் நிலையத்தை ஈடுகட்ட முடியுமா என்பது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பட்டிமன்றத் தலைப்பு அல்ல, சட்டமன்றம் வரை போன விவகாரம். அந்த மாநிலத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே அணுமின் நிலையம், பசிபிக் கரையில் சான் லூயிஸ் ஒபிஸ்போ அருகே உள்ள டயப்லோ கேன்யன். இரண்டு உலைகள், சுமார் 2,200 மெகாவாட். 2025-க்குள் இரண்டையும் மூடிவிடுவதென்று 2016-ல் முடிவானது. 2020 ஆகஸ்ட் வெயிலில் மாநிலம் மின்வெட்டைச் சந்தித்த பிறகு மனம் மாறியது. 2030 வரை உலைகளை ஓட்ட 2022-ல் சட்டம் வந்தது.

இதே காலத்தில்தான் அங்கே பேட்டரிகளும் பெருகின. 2020 கோடையில் மின்தொகுப்பில் சில நூறு மெகாவாட்தான் இருந்தது. வீடுகளில் உள்ளவற்றையும் சேர்த்தால் 2024 ஏப்ரலில் அது 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த மாதத்தில் ஒரு மாலை, சூரியன் சாய்ந்த பின் சிறிது நேரம் மாநிலத்துக்கு அதிக மின்சாரம் கொடுத்தது பேட்டரிதான்.

அப்படியானால் நான்கு டயப்லோ கேன்யன்கள் வந்துவிட்டன என்று கணக்குப் போடத் தோன்றும். இங்கேதான் சறுக்கல். மெகாவாட் என்பது ஒரு நொடியில் எவ்வளவு தர முடியும் என்பதன் அளவு. எவ்வளவு நேரம் தர முடியும் என்பதை அது சொல்லாது. பெரும்பாலான பேட்டரி நிலையங்கள் நான்கு மணி நேரத்தில் காலியாகிவிடும். அதே மாநிலத்தின் மாஸ் லேண்டிங்கில் உள்ள பெரிய பேட்டரி நிலையம் முழுத் திறனில் இருந்தபோது 30 லட்சம் யூனிட் தேக்கியது. டயப்லோ கேன்யனுக்கு அது ஒன்றரை மணி நேர உற்பத்தி கூட இல்லை. உலைகள் ஒரு நாளில் தருவது ஐந்து கோடி யூனிட்டுக்கு மேல். மாநிலத்தில் 2024 ஏப்ரலில் இருந்த 10,000 மெகாவாட் பேட்டரியும் நிரம்பியிருந்தாலும் நான்கு கோடிதான்.

தவிர, குதிர் நெல்லை விளைவிப்பதில்லை. பேட்டரியில் போட்ட மின்சாரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் வழியிலேயே கரைகிறது. எனவே உலையை ஈடுகட்டப் பேட்டரியோடு, அதை நிரப்ப ஏழெட்டாயிரம் மெகாவாட் சூரியப் பலகைகளும் வேண்டும். இவை கிடைக்காதவை அல்ல. கலிஃபோர்னியா ஏற்கெனவே அதைவிட அதிகம் நிறுவியிருக்கிறது. பாதுகாப்பும் தீராத சிக்கல் அல்ல. 2025 ஜனவரியில் மாஸ் லேண்டிங் நிலையத்தில் தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். எரிந்த பேட்டரிகள் பழைய அனல்மின் கட்டடத்துக்குள் நெருக்கி அடுக்கப்பட்டவை. இப்போது பெரும்பாலும் தனித்தனிப் பெட்டிகளாக வெளியில், இடைவெளி விட்டு வைக்கிறார்கள்.

தீராத சிக்கல் குளிர்காலம். பகல் குறுகி, மேகம் மூடி, மழை நாள்கணக்கில் நீடிக்கும்போது மாலைக்கான பேட்டரியை நிரப்பவே பகலில் மின்சாரம் மிஞ்சாது. கூடுதலாக வாங்கி வைக்கலாமே என்றால் கணக்கு உதைக்கிறது. தினமும் நிரம்பி வடியும் பேட்டரிக்குப் போட்ட பணம் திரும்பும். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் பயன்படும் பேட்டரிக்கு யூனிட் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

கலிஃபோர்னியாவில் பேட்டரி உண்மையில் பறித்திருப்பது மாலை உச்சநேர எரிவாயு நிலையங்களின் வேலையை. 2012-ல் சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையம் நின்றபோது அந்தக் குறையைப் பெருமளவு நிரப்பியது எரிவாயு. டயப்லோ கேன்யன் நின்றால் கோடை இரவுகளைப் பேட்டரி சமாளிக்கும். மழை வாரங்களுக்கு எரிவாயுவோ புவிவெப்பமோ வேறொன்றோ ஓடியாக வேண்டும்.