கரண்ட் வேண்டாம், கண்ணாடி போதும்

"கரண்ட் வைப்பீங்களா மேடம்?"

வாய் கோணிப்போய் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், பிசியோதெரபி பார்ப்பது ராஜபாளையத்தில். மில்லுக்குப் போகிறவர்கள், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், பால்கோவா கடைக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். செயலற்ற சதையில் கரண்ட் பாய்ச்சினால் அது முழித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அத்தனை பேருக்கும் இருக்கிறது. "வைக்க மாட்டேன்" என்றால், எனக்கு வைத்தியம் தெரியாதோ என்று துணைக்கு வந்தவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

முகவாதம் வந்த எல்லாருடைய கதையும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தொடங்கும். காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகும். முகம் கழுவினால் ஒரு கண்ணில் மட்டும் சோப்பு எரியும். "ராத்திரி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து வந்தேன், காத்து பட்டுடுச்சு" என்பார்கள். ஆனி, ஆடியில் மேற்கு மலையிலிருந்து இறங்கி வருகிற காற்று எங்கள் ஊர்களில் ஆளையே தள்ளும். அதனால் பழி அதன்மேல் விழுகிறது. உண்மையில் கோளாறு காதுக்குள் இருக்கிறது.

மூளையிலிருந்து முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பு, காதை ஒட்டிய எலும்புக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏதோ ஒரு காரணத்தால், பெரும்பாலும் உடம்பில் ஏற்கெனவே பதுங்கியிருந்த ஹெர்பிஸ் வைரஸ் கிளம்புவதால் என்று கருதுகிறார்கள், நரம்பு வீங்குகிறது. வீங்க இடமில்லாமல் நசுங்குகிறது. நெற்றி, இமை, கன்னம், உதடு எல்லாம் அந்தப் பக்கம் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிடுகின்றன. 1821இல் லண்டனில் முக நரம்புகளைப் பற்றி எழுதிய சார்லஸ் பெல் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் இதை பெல்ஸ் பால்சி என்கிறோம். ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 15 முதல் 30 பேருக்கு வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும், நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிகளுக்கும் கொஞ்சம் அதிகம்.

பக்கவாதத்திலும் வாய் கோணும். புருவத்தைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். நெற்றியில் இரண்டு பக்கமும் சுருக்கம் விழுந்து, வாய் மட்டும் கோணியிருந்தால் கோளாறு மூளையில் இருக்கலாம். கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ சந்தேகமே வேண்டாம், உடனே 108. நெற்றியும் சேர்ந்து அசையாவிட்டால் முகவாதம். ஆனால் இந்தத் தீர்ப்பை வீட்டில் வைத்துச் சொல்லாதீர்கள். டாக்டர் சொல்லட்டும்.

டாக்டரிடம் போக வேண்டியது அன்றைக்கே. வாய் கோணியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினால் பலன் தெளிவாகத் தெரிகிறது. ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்தில் முகம் முழுதாகத் திரும்பியிருந்தது. எடுக்காதவர்களில் 82 சதவீதம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. எங்கள் பக்கம் இந்த மூன்று நாள் எதில் போகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் மந்திரிக்க, ஒரு நாள் எண்ணெய் போட, ஒரு நாள் "தானா சரியாகுதான்னு பாப்போம்" என்று.

தானாகவும் சரியாகும், அதுதான் சிக்கல். டென்மார்க்கில் பீட்டர்சன் என்ற மருத்துவர், எந்த வைத்தியமும் பெறாத 1,701 பெல்ஸ் பால்சி நோயாளிகளைக் கவனித்து 2002இல் எழுதினார். 71 சதவீதம் பேருக்கு முகம் முழுதாகத் திரும்பியது. அதனால் மந்திரித்தவருக்கும் பெயர் கிடைக்கிறது, கரண்ட் வைத்தவருக்கும் கிடைக்கிறது. கரண்ட் வைத்தால்தான் குணமாகும் என்று உறுதியாகச் சொல்ல நல்ல சான்று இதுவரை இல்லை. என் கவலையெல்லாம் மிச்சமுள்ளவர்களைப் பற்றியது. அவர்களைத்தான் பலூன் ஊதச் சொல்லியும், பபிள்கம் மெல்லச் சொல்லியும், "நல்லா அழுத்திக் கண்ண மூடு" என்று அதட்டியும் கெடுக்கிறோம்.

கை கால் சதைக்குச் சொல்லும் பயிற்சி முகத்துக்கு ஆகாது. கையின் சதை எலும்பைப் பிடித்திருக்கிறது. முகத்தின் சதைகளில் பல, தோலில் போய் முடிகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். சதை எவ்வளவு நீள்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகள் அங்கே இருக்கின்றன. முகத்தின் சதைகளில் அவை இல்லையென்றே சொல்லலாம். உதடு எவ்வளவு தூரம் போயிற்று என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் கண்ணாடி.

மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை வைத்துச் சொல்கிறேன். வந்தபோது வலது கண் சிவந்து கிடந்தது. இமை மூடாத கண்ணில் மில்லின் பஞ்சுத் தூசி விழுந்தால் என்ன ஆகும்? முதலில் கண் டாக்டரிடம் அனுப்பினேன். கருவிழியில் புண் வந்துவிட்டால், பிறகு வாய் நேரானாலும் பார்வை போகும். பகலில் சொட்டு மருந்தும் மூக்குக்கண்ணாடியும், ராத்திரி களிம்பும். இமையை விரலால் முழுதாக மூடிய பிறகு மெல்லிய பிளாஸ்திரியைக் குறுக்கே ஒட்ட வேண்டும்.

முதல் வாரங்களில் அவருக்குப் பயிற்சி என்று எதுவும் கொடுக்கவில்லை. கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, வெளியே ஆள்காட்டி விரலை வைத்து, கன்னத்தை இதமாக நீவிவிடக் கற்றுக்கொடுத்தேன். உதட்டோரம் லேசாகத் துடிக்கத் தொடங்கியபின் கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் நடுவில் ஒரு கோடு போட்டேன். மூக்கு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். நல்ல பக்கத்துக் கன்னத்தை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கமே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.

"சிரிக்கவா மேடம்?"

"சிரிக்காதம்மா. பல்லு தெரியக் கூடாது. உதட்டோரத்த மட்டும் காதப் பாக்க நகத்து."

அவர் முழு பலத்தையும் கொடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் சுருங்கியது, உதடு அசையவில்லை.

"பாதி கூட வேணாம். அரிசி அளவு நகந்தாப் போதும்."

நகர்ந்தது. கண் சுருங்காமல் நகர்ந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இத நாலஞ்சு தடவ மெதுவாப் பண்ணு. அலுப்புத் தட்டினா நிறுத்திரு. மறுபடி சாயந்திரம்."

அதன்பின் "ப", "ம" என்று உதடு சேரும் எழுத்துகள். "பாப்பா", "மாமா", "அம்மா". கன்னத்தில் காற்று தப்பாமல் சொல்ல வேண்டும். இதைப் பெரிய வைத்தியமாக அவர் வீட்டில் யாரும் மதிக்கவில்லை. மாமியார் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏந்தாயி, கண்ணு சுருங்குது பாரு" என்று எனக்குப் பதிலாகக் கண்காணித்தார். அந்த அம்மாவைப் போல ஒருவர் எல்லா நோயாளிக்கும் வாய்த்தால் என் வேலை பாதியாகும்.

கண் சுருங்குவதில் ஏன் இவ்வளவு கறார்? நசுங்கிய நரம்பின் இழைகள் மறுபடி வளரும்போது, நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. வழியில் சில இழைகள் தடம் மாறி, உதட்டுக்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போய்விடுகிறது. மூன்று நான்கு மாதம் கழித்து, சிரித்தால் கண் மூடும். கண் சிமிட்டினால் வாய் கோணும். சிலருக்குச் சாப்பிடும்போது கண்ணீர் வழியும். இதற்கு சின்கைனிசிஸ் என்று பெயர். தவறான இந்தக் கூட்டணியை, பலம் கொடுத்துச் செய்யும் பயிற்சி இன்னும் இறுக்கிவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி அப்படித்தான் வந்தார். முகவாதம் வந்து வருடங்கள் ஆகியிருந்தன. மாதக்கணக்கில் பலூன் ஊதியிருக்கிறார். வாயைக் குவித்தாலே இடது கண் மூடிக்கொள்ளும். கடைக்கு வரும் பெண்கள் கண்ணடிப்பதாக நினைத்துக்கொள்வார்களோ என்று கூசி, கல்லாவில் உட்காருவதையே விட்டுவிட்டார். அவருக்குச் சதையைப் பலப்படுத்தும் வேலையே இல்லை, தளர்த்தும் வேலைதான். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் கொஞ்சமாகக் குவிக்க வேண்டும். கண் மூடப்போகிறது என்று தெரிந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இறுக்கம் அதிகமுள்ள சிலருக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் போட்டாக்ஸ் ஊசி போட்டு, அதன்பின் பயிற்சி கொடுப்பதும் உண்டு. அண்ணாச்சிக்குக் கொட்டாவி விட்டால் இன்னும் கண் மூடுகிறது. பேசும்போது மூடுவதில்லை, கல்லாவுக்குத் திரும்பிவிட்டார்.

வாய்க்கும் முகத்துக்கும் இப்படிப் பயிற்சி கொடுப்பது புதிதல்ல. அமெரிக்கப் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ரோஜர்ஸ், குழந்தைகளின் பல் வரிசையைச் சீராக்க வாய்ச் சதைக்குப் பயிற்சி தரலாம் என்று 1918இலேயே எழுதினார். பக்கவாதத்துக்குப் பின் விழுங்க முடியாதவர்களுக்கும் பயிற்சி உண்டு. பாக்கு, குட்கா போட்டுப் போட்டு வாய் மூன்று விரல் அளவுக்குத் திறக்காமல் போனவர்களுக்கு, ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல்லிடையே அடுக்கிப் பழக்குவதும் உண்டு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் பார்க்கப் போகும் பெண்கள், "வாய் கோணினா அன்னைக்கே ஜி.ஹெச். போங்க" என்பதையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவு பேர் தப்பிப்பார்கள்! மருந்துக் கடைக்காரர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒற்றைக் கண்ணில் நீர் வழிய, வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு வந்து சத்து மாத்திரை கேட்பவரை, "எத்தன நாளாச்சு?" என்று கேளுங்கள். மூன்று நாளுக்குள் என்றால், மாத்திரையை விற்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.