தொட்டி முதலில், மீன் பிறகு

பட்டண மீன் கடையில் இரண்டு அங்குல ஆஸ்கார் குஞ்சைப் பார்த்ததும் பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். நானும் என் மகனுக்காக இரண்டு வாங்கி, இரண்டடித் தொட்டியில் விட்டேன். எட்டு மாதத்தில் சாண் நீளம் வளர்ந்தன; நீர் கெட்டு ஒன்று இறந்தது. மகன் இரண்டு நாள் அழுதான். பிழை மீனுடையதன்று, என்னுடையது.

தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்று மீன் இது. ஓரடி வரை வளரும், பத்தாண்டு வாழும். ஒரு ஜோடிக்கு ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி வேண்டும். நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 560 கிலோ! பலகைத் தரையை நம்பாமல், சிமெண்டுத் தரையில் இரும்புச் சட்டத்தின் மேல் வையுங்கள்.

குழாய் நீரின் குளோரினைப் போக்க மருந்து ஊற்றுங்கள். வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் சிறிது தீனி மட்டும் போட்டு, 4 முதல் 6 வாரம் பொறுத்திருங்கள். கழிவில் உண்டாகும் அமோனியா மீனுக்கு நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக அத்தனை நாளாகும். பிறகு வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். அந்த நீர் கீரைப் பாத்திக்கு நல்ல உரம்.

தட்டையான கல் ஒன்றும் போடுங்கள். ஆணும் பெண்ணுமாக அமைந்தால், அதில் முட்டையிட்டு இரண்டும் சேர்ந்தே காவல் காக்கும். பிள்ளைகளுக்கு அது நல்ல பாடம்.

வளர்க்க முடியாமற் போனால் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். ஆற்றிலோ ஈயக்குட்டையிலோ விடாதீர்கள். நம் ஊர்ச் சிறுமீன்களை அது தின்றுவிடும்.

இடமும் பொறுமையும் இருந்தால் மட்டும் வாங்குங்கள், பெற்றோர்களே!